12 கிலோமீட்டருக்கு மேல் உடம்பு ஒத்துழைக்கவில்லை, ஜனவரி ஹாஃப் மாரத்தானை விட்டுவிடலாமா?

வேளச்சேரிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 36, இரண்டு குழந்தைகள். போன வருடம் ஜூனில் நடக்க ஆரம்பித்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்துக்கு வந்தேன். இந்த ஜனவரியில் முதல் 10 கி.மீ. பந்தயத்தை 1 மணி 8 நிமிடத்தில் முடித்தேன். அந்தத் தைரியத்தில் வரும் ஜனவரியில் சென்னையில் நடக்கிற 21.1 கி.மீ. ஹாஃப் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பிரச்சினை ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்தான், அதாவது வாரத்தில் ஒரு நாள் ஓடுகிற நீண்ட ஓட்டம். பிப்ரவரியில் 14 கி.மீ. வரை ஓடினேன், நன்றாகவே இருந்தது. இப்போது ஆகஸ்டில் 11, 12 தாண்டினாலே கால் இரும்பு மாதிரி கனக்கிறது, மூச்சு வாங்குகிறது, நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. வாட்ச்சில் ஹார்ட் ரேட் 172, 175 என்று காட்டுகிறது. பேஸ் கிலோமீட்டருக்கு 7 நிமிடம், அதைவிட மெதுவாக ஓடினால் பயிற்சியே இல்லை என்று நினைத்துக்கொண்டு அதைக் குறைப்பதில்லை. காலை 6 மணிக்குக் கிளம்புகிறேன், வெறும் வயிறு, முடிந்ததும் ஒரு இளநீர். வீட்டுக்கு வந்தால் தலைவலி, மதியம் வரை படுக்கை. வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் 25 கி.மீ. ஓடுகிறேன்.

கூட ஓடுகிறவர்களைக் கேட்டால் “எல்லாம் மனசுதான், மனசு வைத்தால் ஓடலாம்” என்கிறார்கள். மனசு வைத்துத்தானே எழுந்து போகிறேன். அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போட்டுவிடட்டுமா? ஷூ மாற்ற வேண்டுமா? எதுவானாலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

---

அடையாறு57:

தள்ளிப் போட வேண்டாம் சகோதரி. நான் 22 வருடமாக இந்த ஊரில் ஓடுகிறேன், நீங்கள் எழுதியதில் முதலில் கண்ணில் பட்டது உங்கள் பேஸ்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கி.மீ. 68 நிமிடம் என்றால், ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்க ஓட்டக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ரீகல் சூத்திரப்படி உங்கள் ஹாஃப் மாரத்தான் ஏறக்குறைய 2 மணி 30 நிமிடம் வரும். அதாவது பந்தய நாளிலேயே, ஜனவரிக் குளிரிலேயே, நல்ல பயிற்சியோடு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி. நீங்கள் ஆகஸ்ட் புழுக்கத்தில் ஒவ்வொரு ஞாயிறும் அதைவிட வேகமாக ஓடப் பார்க்கிறீர்கள். வாராவாரம் ஒரு பந்தயம் ஓடினால் யாருக்கும் இதுதான் நடக்கும். இதில் மனசுக்கு என்ன வேலை?

உடம்பு சூட்டை வெளியேற்ற முக்கிய வழி வியர்வை ஆவியாவது. வியர்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். சென்னையில் விடியற்காலையிலேயே 26, 27 டிகிரியும் பிசுபிசுப்பான ஈரப்பதமும் இருக்கும்போது வியர்வை உடம்பிலேயே வழிகிறது, சூடு உள்ளேயே தங்குகிறது. அதைத் தோலுக்குக் கொண்டுவர இதயம் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது, காலுக்குப் போகிற பங்கு குறைகிறது. வியர்வையில் ரத்தத்தின் நீர்ப்பங்கும் இறங்கிக்கொண்டே போவதால், ஒரே வேகத்தில் ஓடினாலும் மணிக்கணக்கு ஏற ஏறத் துடிப்பு கூடும். பிப்ரவரியில் 14 ஓடிய அதே கால்கள்தான் இப்போதும் உங்களிடம் இருக்கின்றன, காற்றுதான் வேறு.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தார்கள். அதில் சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசித் தண்ணீர் நிலையத்தைத் தவறவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஸ்டேடியத்துக்குள் வந்தார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் 5 நிமிடத்துக்கு மேல் ஆனது. மருத்துவர்கள் அவரைத் தொடாமல் கூடவே நடந்தார்கள், அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்று பார்த்துத்தான் ஓட விட்டார்கள். 37ஆவதாக முடித்தார். உலகத் தரத்தில் ஓடிய ஒருவரையே வெயில் அப்படி ஆக்கியது என்றால் நம்முடைய தலைவலியை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

என்ன செய்வது? லாங் ரன் பேஸைக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 15 விநாடி, 8 நிமிடம் 30 விநாடி என்று மெதுவாக்குங்கள். கூட வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் எதுவோ அதுதான் உங்கள் வேகம். முடிந்தால் 6 மணிக்குப் பதில் 4.45க்குக் கிளம்புங்கள், அந்த ஒரு மணி நேரம் பெரிய வித்தியாசம். நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதிலும் குறையே இல்லை. அதைப் பரப்பிய ஜெஃப் கேலோவே 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் கொஞ்சம் வேகம், மற்றதெல்லாம் மெதுவாக.

---

மோர்சொம்பு:

ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். கடைசியாக ஹீமோகுளோபின் எப்போது பார்த்தீர்கள்?

எனக்கும் இதே கதைதான், 2022இல். பேஸ் குறைத்தேன், சீக்கிரம் எழுந்தேன், எதுவும் சரியாகவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் 9.4 என்று வந்தது. நம்மைப் போன்ற பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். நாடு முழுக்க எடுத்த குடும்பநல ஆய்வில் (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது, அதாவது பாதிக்கு மேல். ஓடுகிற பெண்களுக்கு மாதவிடாய், வியர்வை, கால் தரையில் அடிப்பது என்று இரும்புச்சத்து போகிற வழி இன்னும் அதிகம். தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோக ஆளே இல்லாதபோது அவளைப் பார்த்து “மனசு வை” என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம், அதை ஃபெரிட்டின்தான் காட்டும். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிட்டவுடன் காபி, டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள், அது இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடவே இருந்தால் நல்லது.

இளநீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம், உங்கள் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கிற உலக சுகாதார நிறுவன அளவு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு, அரை லிட்டரில் கலக்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் வருகிற இனிப்புப் பானம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதற்காகத் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான் முடித்தவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இறங்கியிருந்தது, ஓடும்போது எடை கூடுகிற அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் அது அதிகம். ஓடும் முன்பும் பின்பும் ஈர உடை இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம், உங்கள் தேவை எவ்வளவு என்று இரண்டே ஞாயிறில் தெரிந்துவிடும்.

---

ஈஸ்ட்கோஸ்ட்42:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், இங்கே வருடம் முழுக்க உங்கள் ஆகஸ்ட்தான். அடையாறு சார் சொன்னது எல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: தூரத்தை மறந்துவிட்டு நேரத்தை வைத்து ஓடுங்கள். “இந்த ஞாயிறு 100 நிமிடம்” என்று கிளம்பினால் மெதுவாக ஓடுவதற்கு மனம் சம்மதிக்கும், 14 கி.மீ. என்று கிளம்பினால் சீக்கிரம் முடிக்கத்தான் தோன்றும். எனக்கு இது புரிய நான்கு வருடம் ஆனது.

அப்புறம் அந்த 172, 175ஐ அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கட்டில் கட்டுகிற வாட்ச் தோலுக்குள் ஒளி அனுப்பித் துடிப்பைக் கணிக்கிறது. கை ஆடும் தாளத்தைச் சில நேரம் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது, அதே 172 பக்கத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தெரிந்துவிடும். 220இல் வயதைக் கழிக்கிற கணக்கும் உத்தேசம்தான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு மாறும்.

ஷூ எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? பொதுவாக 500இலிருந்து 800 வரை சொல்வார்கள். வியர்வை சொட்டுகிற ஊரில் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது, ஒன்று முழுசாகக் காயும். பருத்தி டீ ஷர்ட் போடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்து உரசிப் புண்ணாக்கும். உரசுகிற இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

---

வெறுங்கால்:

ஷூவே தேவையில்லை என்பது என் அனுபவம். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடத்தில் தங்கம் வாங்கவில்லையா? கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகுங்கள், பாதம் தானாகப் பலப்படும்.

---

அடையாறு57:

அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டு 2 மணி 12 நிமிடத்தில் மறுபடி தங்கம் வாங்கினார் நண்பரே. வெறுங்காலை நான் குறை சொல்லவில்லை, ஆனால் பந்தயத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது தொடங்குகிற வேலை அல்ல அது. மெரினாவின் இளகிய மணலில் திடீரென்று ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் முதலில் பழுதாகும், எனக்கே ஆகியிருக்கிறது. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய 3 கி.மீ. சமதளம், போய்வரச் சாலையோரமே போதும்.

மோர்சொம்பு எழுதியதை நான் யோசிக்கவே இல்லை. முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் சகோதரி, என் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

---

வேளச்சேரிவாசி:

இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியதைப் படித்து ஒரு மாதிரி ஆகிவிட்டது. நன்றி. அடையாறு சார், அந்தக் கணக்கை யாராவது முதலிலேயே போட்டுக் காட்டியிருந்தால் ஆறு மாதத் தலைவலி மிச்சம். ஷூ 900 கி.மீ. தாண்டிவிட்டது, மாற்றுகிறேன்.

4.45க்குக் கிளம்புவதில்தான் தயக்கம். எங்கள் பக்கம் நாய்கள் கூட்டமாக நிற்கும், தெரு விளக்கும் சரியாக எரிவதில்லை. மோர்சொம்பு அக்கா, நீங்கள் தனியாகத்தான் போகிறீர்களா?

---

மோர்சொம்பு:

தனியாகப் போவதில்லை. எங்கள் தெருவிலிருந்து மூன்று பெண்கள், வேகம் வேறு வேறாக இருந்தாலும் ஒரே கிலோமீட்டரைச் சுற்றிச் சுற்றி வருவோம், ஒருத்தி கண்ணில் படாமல் பத்து நிமிடத்துக்கு மேல் போகாது. சலிப்பாக இருக்கும்தான், ஆனால் தண்ணீர் பாட்டிலை ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துவிடலாம், நாய்களுக்கும் நம்மைத் தெரிந்துவிடும். புது நாய் துரத்தினால் ஓடாமல் நின்றுவிடுங்கள், முறைத்துப் பார்க்காதீர்கள், மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

டிசம்பர் பாதி வந்துவிட்டால் பாருங்கள், அந்த நேரத்துக்குத் தெருவெல்லாம் கோலம் போடுகிறவர்கள் இருப்பார்கள், கோவிலில் பாட்டுக் கேட்கும், காற்றும் குளிர்ந்திருக்கும். என்னுடைய நல்ல லாங் ரன் எல்லாமே மார்கழியில் ஓடியதுதான். உங்கள் பந்தயமும் மார்கழியில்தானே வருகிறது.

---

வேளச்சேரிவாசி (மூன்று வாரம் கழித்து):

சொல்லாமல் போகக் கூடாது என்று வந்தேன். ஹீமோகுளோபின் 10.3, ஃபெரிட்டினும் மிகக் குறைவு. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஓடலாம், ஆனால் மெதுவாக என்று சொல்லியிருக்கிறார். மாடி வீட்டுப் பெண் ஒருத்தி கூட வருகிறாள், அவள் சைக்கிளில், நான் ஓட்டத்தில்.

இந்த ஞாயிறு 5 மணிக்குக் கிளம்பி 110 நிமிடம், நான்குக்கு ஒன்று நடையோடு, பேஸ் 8.20. பாதி வழியில் நின்று கழுத்தில் எண்ணிப் பார்த்தேன், 148. வாட்ச் 171 காட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 13 கி.மீ. தாண்டியிருக்கிறது. உப்பு மோர் குடித்துவிட்டுக் குழந்தைகளுக்குத் தோசை ஊற்றினேன், தலைவலி வரவில்லை. வெறும் வயிற்றுக்குப் பதில் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன், அது போதுமா? இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வழியில் பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ எடுத்துப் போகலாமா? உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று சொல்லுங்கள்.

---

ஈஸ்ட்கோஸ்ட்42:

வாழைப்பழம் போதும். வழியில் பேரீச்சம்பழம்தான் என் பழக்கம், கொட்டை எடுத்துவிட்டு 40 நிமிடத்துக்கு இரண்டு, கூடவே இரண்டு மடக்குத் தண்ணீர். கடலைமிட்டாயை ஓட்டம் முடிந்ததும் சாப்பிடுங்கள், ஓடும்போது கடலையை மென்று விழுங்குவது சிரமம், கொழுப்பு இருப்பதால் செரிக்கவும் நேரமாகும். எதுவானாலும் பந்தய நாளில் முதல்முறை சாப்பிடாதீர்கள், நவம்பருக்குள் நான்கைந்து லாங் ரன்னில் பழக்கிவிடுங்கள்.