கூடத்துக் கல்யாணப் படம்

அத்தை: கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைத் தூசி தட்ட இறக்கினேன். சட்டத்தைக் கழற்றினால், சட்டம் மூடியிருந்த ஓரத்தில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. புடவைக் கரை அங்கே அரக்கு, அதற்கு மேலே எல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கிறது. மனசே சரியில்லை.

சித்தப்பா: சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தாய் அல்லவா அக்கா, வெளிச்சம் தின்றுவிட்டது. கலர் பிரிண்டில் இருப்பது சயான் என்கிற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று மூன்று சாயம்தான். துணிச்சாயம் வெயிலில் வெளுப்பது போலத்தான் இதுவும்.

தங்கை: அப்போ அம்மா பீரோவிலேயே பூட்டி வைத்திருந்த 1978 ஆல்பம் ஏன் சித்தப்பா முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது? அதில் வெயிலே படவில்லையே.

சித்தப்பா: நல்ல கேள்வி. அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் சயான் சாயம் இருட்டிலேயே தானாகச் சிதையும், சூடும் ஈரப்பதமும் இருந்தால் இன்னும் வேகமாக. சயான் போனால் மிஞ்சுகிற மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பாகத்தான் தெரியும். லேபில் பிரிண்ட் போட்டுக்கொடுத்த காலத்தில் எனக்கே இது தெரியாது, "காலத்துக்கும் இருக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தோம். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

நான்: தாத்தா பாட்டி கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் கல் மாதிரி இருக்கிறதே?

சித்தப்பா: அதில் சாயமே இல்லை, உருவம் முழுக்க வெள்ளித் துகள். படத்தை நிலைநிறுத்தப் போடும் ஹைப்போ என்கிற ரசாயனத்தை ஒழுங்காகக் கழுவி எடுத்திருந்தால் நூறு வருஷம் தாராளமாக நிற்கும். சரியாகக் கழுவாததுதான் பழுப்பேறும்.

தங்கை: நான் வீட்டு பிரிண்டரில் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிய குழந்தை படம் ஒரு வருஷத்திலேயே போய்விட்டது. அங்கே வெயில்கூட இல்லை.

சித்தப்பா: டை இங்க்காக, அதாவது சாயம் கரைந்த மையாக இருக்கும். அச்சடித்த உடனே காய்கிற பளபள காகிதத்தில் நுண்துளைகள் இருக்கும், காற்றில் உள்ள ஓசோன் வாயு அதில் புகுந்து சாயத்தை அரித்துவிடும். கண்ணாடி போட்டிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். பிக்மென்ட் இங்க் என்றால் நிறம் துகளாக இருக்கும், எத்தனையோ மடங்கு உழைக்கும்.

நான்: இங்க், காகித டப்பாவில் "100 ஆண்டுகள்" என்று போடுகிறார்களே, அதை நம்பலாமா?

சித்தப்பா: எந்த வெளிச்சத்தில் என்று பார். நூறு வருஷம் காத்திருந்து யாரும் சோதிப்பதில்லை, பலத்த விளக்கில் சீக்கிரமாக வெளுக்கவிட்டுக் கணக்குப் போடுவார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. படங்களின் ஆயுளைச் சோதிக்கும் ஹென்றி வில்ஹெல்ம் என்பவருடைய சோதனைக்கூடம் வீட்டில் 450 லக்ஸ் வெளிச்சம் தினமும் 12 மணி நேரம் படும் என்று வைத்துக் கணக்கிடுகிறது, கோடாக் 120 லக்ஸ் என்று வைத்தது. கோடாக் கணக்கில் அதே பிரிண்டுக்கு ஆயுள் கிட்டத்தட்ட 4 மடங்கு கூடித் தெரியும்! நேர் வெயில் விழுகிற சன்னல் ஓரமோ பல்லாயிரம் லக்ஸ், அங்கே எந்தக் கணக்கும் நிற்காது.

அத்தை: இப்போது நான் என்னதான் செய்ய?

சித்தப்பா: நெகட்டிவ் இருக்கிறதா அக்கா?

அத்தை: பழைய கவரில் இருக்கும், தேடுகிறேன்.

சித்தப்பா: கிடைத்தால் விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து எடு. அதுவும் வெளுக்கும், அதனால் இந்த வாரமே ஸ்கேன் செய்துவிடுவோம். புதுப் பிரிண்டை பிக்மென்ட்டில் போட்டு, சன்னல் இல்லாத சுவரில் மாட்டலாம். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே, அந்த ஓரத்து நிறத்தை வைத்துத்தான் நான் புடவையைச் சரிசெய்ய வேண்டும்.

தங்கை: அந்த ஆல்பம் பிசின் தடவின பக்கம் சித்தப்பா, படம் பிரியவே மாட்டேன் என்கிறது.

சித்தப்பா: பிய்க்காதே! பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

அத்தை: கவர் கிடைத்துவிட்டது தம்பி. 11 நெகட்டிவ் இருக்கிறது.