ஒரே வெளி வன்தட்டில் ஐந்து பாக்கப்: எதை அழிக்கலாம், எதை வைத்திருக்க வேண்டும்?

கேள்வி: வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது இருபது வருடங்களுக்கு மேலாக என் தொழில். என்னிடம் 2 டெராபைட் வெளி வன்தட்டு ஒன்று இருக்கிறது. வின்டோஸ் அதனை 1.81 டெராபைட் என்று காட்டுகிறது. அதில் இப்போது 40 ஜிகாபைட் இடம்தான் மிச்சம்.

கணினி மாற்றும்போதெல்லாம், பழையதில் இருந்த எல்லாவற்றையும் இந்தத் தட்டில் ஒரு புதிய கோப்புறையாகப் போட்டு வைத்தேன். "பாக்கப்", "புதிய பாக்கப்", "பாக்கப் 2017", "வீட்டுக் கணினி முழுவதும்", "கடைசி" என்று ஐந்து சேர்ந்துவிட்டன. "கடைசி" என்பதைத் திறந்தால் அதற்குள் "பாக்கப் 2017" மறுபடியும் இருக்கிறது. அதற்குள் முதலாவது "பாக்கப்" இருக்கிறது. ஒரே படத்தை நான்கு இடங்களில் காண்கிறேன்.

பழையவற்றை அழித்துவிடலாம் என்று போன வாரம் உட்கார்ந்தேன். 2014இல் செய்த ஒரு காணி உறுதியின் மொழிபெயர்ப்பு நான்கு கோப்புறைகளில் ஒரே பெயரில் இருந்தது. இரண்டு பிரதிகள் 84 கிலோபைட், ஒன்று 86 கிலோபைட். "கடைசி" என்பதற்குள் இருந்த பிரதி பூச்சியம். திறந்தால் ஒன்றுமே இல்லை. புதியதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்திருந்தால் அந்த உறுதி என் கையை விட்டுப் போயிருக்கும். அதற்குப் பிறகு எதையும் அழிக்கக் கை வரவில்லை. என் தந்தையாரின் படங்களும், ஒலிநாடாவிலிருந்து மாற்றிய அவருடைய குரலும் இதே தட்டில்தான் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லித்தர வேண்டும்.

பதில்: பம்பலப்பிட்டியில் கணினி திருத்துபவர்

அக்கா, நல்ல வேளையாக நிறுத்தினீர்கள். இப்போதைக்கு அந்தத் தட்டிலிருந்து ஒரு கோப்பையும் அழிக்க வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். உங்களிடம் ஐந்து பாக்கப் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது ஒன்றுதான். ஐந்து பிரதிகளும் ஒரே தட்டில், ஒரே கம்பியில், ஒரே மேசையில் இருக்கின்றன. அது கீழே விழுந்தால் ஐந்தும் சேர்ந்தே விழும். வேலை செய்யும் கணினியில் இப்போது இல்லாத பழைய கோப்புகளுக்கு இந்தத் தட்டே மூலப்பிரதி என்பதால், அவற்றைப் பொறுத்தவரை உங்களிடம் பாக்கப் என்று எதுவுமே இல்லை.

ஆகவே முதலில் இன்னொரு வன்தட்டு வாங்குங்கள். 4 டெராபைட் வாங்கினால் வேலை செய்ய இடம் இருக்கும். வாங்கிய பிறகு, கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச மென்பொருளால் பழைய தட்டின் உடல்நிலையைப் பாருங்கள். நீல நிறம் காட்டினால் நிதானமாகச் செய்யலாம். மஞ்சள் காட்டினால் முதலில் தந்தையாரின் படங்களையும் ஒலிப்பதிவையும், அடுத்து வாடிக்கையாளர் கோப்புகளையும் எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குப் பிறகு வாருங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் தட்டுகளில் யுஎஸ்பி முனை துருப்பிடித்து இணைப்பு விட்டுவிட்டு வருவதை அடிக்கடி காண்கிறேன். அப்படியானால் குறை தட்டில் இல்லாமலும் இருக்கலாம். கம்பியை மாற்றிப் பாருங்கள்.

முழுத் தட்டையும் சுட்டியால் இழுத்துப் போட்டுப் பிரதி எடுக்க வேண்டாம். பாக்கப்புக்குள் பாக்கப் இருக்கும்போது கோப்பின் முழுப் பாதை 260 எழுத்துகளைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் வின்டோஸ் சாளரம் திணறும், அவசரத்தில் "தவிர்" என்பதை அழுத்திவிட்டால் அந்தக் கோப்பு வராமலே போய்விடும். வின்டோஸில் கட்டளையாகவே இருக்கும் ரோபோகொப்பி நீண்ட பாதைகளையும் எடுக்கும், எதை எடுக்க முடியவில்லை என்று பட்டியலும் தரும். அதற்கு "மிரர்" என்ற கட்டளைத் தெரிவைக் கொடுக்க வேண்டாம். மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்திலிருந்து அது அழித்துவிடும். 2022இல் மின்வெட்டு நாட்களில் பிரதி எடுக்கும் நடுவில் மின்சாரம் போய், நீங்கள் சொன்ன மாதிரிப் பூச்சிய அளவுக் கோப்புகளுடன் வந்தவர்கள் பலர். மடிக்கணினியின் மின்கலம் பழுதென்றால், மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியை ஓட்டும் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

பீற்றர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவச் செய்த 3-2-1 என்ற கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு வெல்லம்பிட்டிப் பக்கத்திலிருந்து கணினியும் வெளித் தட்டும் ஒரே சேற்றோடு என் மேசைக்கு வந்தன. அதன் பிறகு அந்த மூன்றாவது எண்ணை நான் யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை.

பதில்: ஆவணப்படுத்தல் பணியாளர், கொழும்பு 6

மேலே சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது தட்டு கைக்கு வந்த பின் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன். பழைய பத்திரிகைகளையும் குடும்ப ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேகரிப்பது என் வேலை என்பதால் இந்தச் சிக்கலோடுதான் என் நாட்கள் போகின்றன.

பெயரையும் திகதியையும் நம்பி எதையும் அழிக்கக் கூடாது. பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளடக்கம் வேறாக இருப்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அந்த 86 கிலோபைட் பிரதி, வாடிக்கையாளர் கேட்ட திருத்தத்தைச் சேர்த்ததாக இருக்கக் கூடும். அதைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள். திகதியோ இன்னும் மோசம். ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால் "மாற்றிய திகதி" அப்படியே இருக்கும், "உருவாக்கிய திகதி" பிரதி எடுத்த நாளாகிவிடும். நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் வேறாக இருந்தது; அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் உலக நேரத்தை விட 6 மணித்தியாலம் முந்தி இருந்துவிட்டு, பிறகு ஐந்தரை மணித்தியாலத்துக்குத் திரும்பினோம். பழைய பென் டிரைவ்களில் இருக்கும் பாட் வகைக் கோப்பு முறைமை (கோப்புகளைத் தட்டில் எழுதி வைக்கும் ஒழுங்கு) உள்ளூர் நேரத்தையும், வின்டோஸ் கணினிகளில் வழக்கமான என்டிஎப்எஸ் முறைமை உலக நேரத்தையும் பதிவதால், அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றின் இரு பிரதிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் நேரத்தில் அரை மணித்தியாலம் வேறுபட்டு நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம்பத்தக்கது உள்ளடக்கம் மட்டுமே. ஷா-256 என்ற முறை ஒரு கோப்பு முழுவதையும் வாசித்து 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகையைத் தரும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். டூப்குரு என்ற இலவச மென்பொருளில் "உள்ளடக்கம்" என்ற தேடலைத் தெரிவு செய்து, உங்கள் கோப்புறைகளில் மிக ஒழுங்கான ஒன்றை "ரெபரன்ஸ்" என்று குறித்துவிட்டால், அதில் இருப்பதை அழிக்க அது இடம் தராது. மற்ற இடங்களில் அகப்படும் பிரதிகளையும் உடனே அழிக்காமல், "விலக்கியவை" என்று ஒரு கோப்புறைக்கு நகர்த்தி மூன்று மாதமாவது வைத்திருங்கள்.

இந்த முறைக்கு அகப்படாதவையும் உண்டு. வட்ஸ்அப்பில் வந்த படம், மூலப் படத்தின் சுருக்கம். கண்ணுக்கு ஒன்று, கைரேகைக்கு வேறு. அங்கே அளவு பெரியதை வைத்திருங்கள், எடுத்த நாளும் அதில்தான் இருக்கும். ஒலிப்பதிவில் வேவ், எம்பி3 இரண்டும் இருந்தால், எம்பி3 சுருக்கிய வடிவம் என்பதால் வேவ் கோப்பைக் கைவிட வேண்டாம். உங்கள் பழைய தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் இருக்குமானால் அந்த எழுத்துருக் கோப்பையும் அவற்றோடு சேர்த்து வையுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

பதில்: தெமட்டகொடை கணக்காளர்

என்னுடையது சிறு குறிப்பு. வின்டோஸ் தானாக எடுத்த "பைல் ஹிஸ்டரி" கோப்புறை தட்டில் இருந்தால், அதற்குள் டூப்குருவை விட வேண்டாம். அங்கே ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் உலக நேரம் ஒட்டியிருக்கும். கொழும்பில் காலை 10 மணிக்குச் சேமித்தது 4.30 என்றிருக்கும். அவை வீணான பிரதிகள் அல்ல, பழைய நிலைகள். அவற்றைக் குறைக்க அதன் அமைப்புக்குள்ளேயே வழி இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே வைக்கும் தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் அதில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நம்மைப் போன்றவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். ஹோம் பதிப்பு வின்டோஸில் மைக்ரோசொப்டின் பூட்டு மென்பொருளான பிட்லொக்கரால் புதிதாகப் பூட்ட முடியாது, அதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் இலவசம்.

ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பழைய ஐந்தையும் துப்புரவாக்கத்தான் வேண்டுமா? பழைய தட்டை அப்படியே அலுமாரியில் வைத்துவிட்டு, புதிய தட்டில் இன்று முதல் ஒழுங்காகத் தொடங்கலாமே.

பதில்: ஆவணப்படுத்தல் பணியாளர், கொழும்பு 6

அலுமாரியில் வைத்த தட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் அச்சம், ஐயா. எந்தக் கோப்புக்கு நான்கு பிரதி, எந்தக் கோப்புக்கு ஒன்றே ஒன்று என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அக்காவின் தட்டில் அப்படித் தனியாக நிற்கும் கோப்புகள் கட்டாயம் இருக்கும்.

கேட்டவர்: வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. 4 டெராபைட் தட்டு வாங்கி, ரோபோகொப்பியை மாலையில் தொடங்கினேன். மறுநாள் மதியம்தான் முடிந்தது. பழைய தட்டு நீலமே காட்டியது. எடுக்க முடியாத கோப்புகள் என்று பட்டியலில் ஏழு வந்தன. ஏழுக்கும் வேறு கோப்புறையில் நல்ல பிரதி இருந்தது. 86 கிலோபைட் பிரதியைத் திறந்து பார்த்தேன். உறுதியில் பாட்டியாரின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தேன். வாடிக்கையாளர் கையெழுத்து வைத்து வாங்கிப்போனது அந்தப் பிரதிதான்.

அப்பாவின் குரலைத் தேடினேன். அது நான்கு இடங்களில் இருக்கும் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன். "கடைசி"க்குள் "பாக்கப் 2017", அதற்குள் "பாக்கப்", அதற்குள் பெயரிடாத ஒரு கோப்புறை. அந்த ஒரு இடத்தில் மட்டுமே அந்த வேவ் கோப்பு இருந்தது. இப்போது அது இரண்டு தட்டிலும் இருக்கிறது. மூன்றாவது பிரதியை வெராகிரிப்டால் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டுக்குக் கொண்டு போகிறேன்.