மொத்த விலை ஒப்பந்தத்தில் அஜைல் முறை: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஐந்து பேர், ஒரு மருத்துவமனைக்கு மருந்து இருப்பு மென்பொருள் செய்கிறோம். மருத்துவமனைக்காரர்கள் மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசி, தேவைகள் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, வாட்டர்ஃபால் முறையில்தான் (ஒரு கட்டத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போவது) போக வேண்டும் என்கிறார்கள். ஜிஎஸ்டி கணக்குக்கும் காலாவதித் தேதி விதிகளுக்கும் அது சரிதான். ஆனால் பில் போடும் திரை அப்படியில்லை. மருந்தகத்தில் உட்காருபவர் மாதிரித் திரையைத் தொட்டுப் பார்த்த அன்றே ஏழு மாற்றம் சொன்னார், எல்லாமே நியாயமானவை.

வாட்டர்ஃபால் முறையின் கட்டங்களைக் காட்டும் படிக்கட்டுப் படத்தை 1970இல் வரைந்த மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸே, சோதனை கடைசியில் வருவதால் அதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று எழுதியிருக்கிறார்.

அஜைல் முறையில், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதி கொடுத்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போய், அதற்கேற்பப் பணம் வாங்கும்படி ஒப்பந்தம் போட்டவர்கள் இருக்கிறீர்களா? மாற்றங்களுக்கு எல்லை எப்படி வைத்தீர்கள்? வரும் திங்கட்கிழமை பேச்சுவார்த்தை. அந்த ஒரு பத்தியை எப்படி எழுதினீர்கள் என்று சொன்னாலே பெரிய உதவி.