வெட்டிவிட்ட கத்தரி கருகுகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் தரையில் காய்கறி போட்டிருக்கிறேன்.

அரைக்கீரையில் பிரச்சினை இல்லை. நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழைத்துவிடுகிறது. (சிறுகீரையையும் அப்படி அறுத்து ஏமாந்தேன். அது வேரோடு பிடுங்குகிற ஜாதி என்று அப்புறம்தான் அம்மா சொன்னார்.)

கத்தரிதான் படுத்துகிறது. ஐப்பசி மழையில் நட்டது, மாசி வரை நன்றாகக் காய்த்தது. காய் சிறுத்துப் போனதும் 12 செடியையும் தரையிலிருந்து ஒரு அடி விட்டு வெட்டிவிட்டேன். 7 செடியில் கணுவுக்குக் கணு ஊதாத் துளிர் வந்தது. பார்க்கவே ஆசையாக இருந்தது. இப்போது அந்த இலைகளின் ஓரம் கருகி, சுட்ட அப்பளம் மாதிரி சுருள்கிறது. மீதி 5 செடியில் துளிரே இல்லை. ஒன்றை நகத்தால் கீறினேன், பட்டைக்குள் பச்சை இருக்கிறது.

எனக்குக் கிணற்றுத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். மழைக்காலத்தில் தேவலை, பங்குனி பிறந்தால் வாயில் வைக்க முடியாது. சாயங்காலம் ஊற்றினால் காலையில் மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். குடிக்கவே வண்டித் தண்ணீர்தான் வாங்குகிறோம், அதைச் செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை.

பனையோலை மூடாக்குப் போட்டால் உப்பு மேலே ஏறுவது குறையுமா? கரையில் ஒதுங்கும் பாசியை அலசிப் போட்டவர்கள் உண்டா, அதிலும் உப்புத்தானே? இல்லை, நான் வெட்டிய மாதமே தப்பா? புரட்டாசியில் வெட்டி மழைக்கு விட்டிருக்க வேண்டுமோ? அந்த 5 செடிக்கு இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம்?