கிளாஷ் ராயல்: எட்டு கார்டும் பெருசு, அப்புறம் ஏன் தோக்குறேன்?

மண்டபம்_விசைப்படகு:
தடைக்காலம். ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் படகு கரையிலதான். பகல்ல கிழிஞ்ச வலை தைக்கிறது, ராத்திரி போன்ல இந்த கேம்தான். என் டெக், அதாவது ஆட்டத்துக்கு எடுத்துட்டுப் போற எட்டு கார்டு: கோலெம், பெக்கா, மெகா நைட், விட்ச், விசார்ட், பிரின்ஸ், பலூன், ஃபயர்பால். நேத்து வரிசையா ஆறு ஆட்டம் போச்சு. மச்சான் பக்கத்துல உக்காந்து சிரிக்கிறான். எதை மாத்தட்டும்?

தொண்டி_பாய்:
தம்பி, ஒவ்வொரு கார்டையும் இறக்க எவ்வளவு எலிக்சர் செலவாகுதுன்னு கூட்டிப் பாத்தியா? 8+7+7+5+5+5+5+4, மொத்தம் 46. சராசரி 5.75. ஒரு எலிக்சர் ஊற 2.8 செகண்ட் ஆகுது. கோலெம இறக்கிட்டு நீ கைய பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறப்ப அவன் அடுத்த பக்கம் கோபுரத்தச் சாச்சிருவான். நான் ஹாக் ரைடர், மஸ்கடியர், ஃபயர்பால், கேனன், ஐஸ் கோலெம், லாக், ஐஸ் ஸ்பிரிட், ஸ்கெலட்டன்ஸ். மொத்தமே 21. ஹாக்க இறக்கிட்டு கடைசில சொன்ன சின்னது நாலையும் தள்ளினா, ஆறே எலிக்சர்ல ஹாக் மறுபடி கைக்கு வந்துரும்.

மண்டபம்_விசைப்படகு:
பாய், பெக்காவ ஏத்த எவ்வளவு நாள் காத்துக் கிடந்தேன் தெரியுமா...

பாம்பன்_அக்கா:
பெக்கா இருக்கட்டும்பா. ஆனா பெக்கா, மெகா நைட், பிரின்ஸ் மூணும் பறக்குறத அடிக்காது. கோலெமும் பலூனும் கட்டடத்த மட்டும்தான் பாக்கும். பறக்குற மினியன் கூட்டம் வந்தா என்ன பண்ணுவ? சீலா வலைய வச்சு நெத்திலி பிடிக்கப் போன கதைதான். அம்பு கார்ட சேத்துக்க.

மண்டபம்_விசைப்படகு:
கோலெம், மெகா நைட் ரெண்டையும் எடுத்துட்டு அம்பும் ஸ்கெலட்டன்ஸும் போட்டேன். சராசரி 4.4-க்கு வந்துருச்சு, ரெண்டு ஆட்டம் ஜெயிச்சாச்சு. பிரின்ஸ எடுக்கத்தான் மனசு வரல அக்கா.