அட்டவணையில் 1, 2 என வரும் கட்டங்களை எப்படி மறைப்பது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரை நீக்கினாலும் சிறு பகுதி அட்டவணைகள் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ‘கணவரை இழந்தவர், வயது 20–24: 1’ என்று ஒரு கட்டம் போதும், யாரென்று அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். அது கொடுமை. இப்படியொரு கட்டத்தை மட்டும் மறைத்தாலும் பயனில்லை: மொத்தம் 40, மற்றவை 25, 13 என்றால் மறைத்தது 2.

நியூசிலாந்தில் செய்வதுபோல 3-இன் மடங்குக்குத் தற்செயலாக மாற்றலாம். 1 என்பது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் 0, மீதி வாய்ப்பில் 3. ஆனால் கேட்கும்போதெல்லாம் புதிதாக மாற்றினால், பலமுறை கேட்டுச் சராசரி எடுப்பவருக்கு உண்மை எண் கிடைத்துவிடும். அதற்காக ஒவ்வொருவரின் பதிவுக்கும் மாறாத சாவி எண் கொடுக்கிறோம்; கட்டத்தில் உள்ளவர்களின் சாவி எண்களை வைத்தே மாற்றுவதால், அதே கட்டத்தை எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான் வரும்.

சிக்கல் கூட்டுத்தொகையில்தான். மொத்தத்தைத் தனியாக மாற்றுவதா (கட்டங்களின் கூட்டலோடு பொருந்தாமல் போகலாம்), மாற்றிய கட்டங்களைக் கூட்டிப் போடுவதா (உண்மை மொத்தத்திலிருந்து விலகலாம்)? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.