வகுப்பறையில் கைப்பட்டை சென்சார் கட்டி மாணவர் கவனத்தை அளக்க முடியுமா?

கல்வியியல்_ஆய்வு கேட்டது:

வணக்கம். பிஎச்.டி. ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியல், இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 30 பேர். ஆசிரியர் பாடத்தை விளக்கிய பிறகு 'அ' பிரிவு அதே பகுதியை மறுபடி வாசிக்கும். 'ஆ' பிரிவு புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதும். எந்த முறையில் மூளை அதிகம் வேலை செய்கிறது என்பதை உடலியல் அளவீட்டால் காட்ட வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிகளில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வரைபடம் ஒன்றைக் காட்டுவார்கள். ஒரு மாணவரின் தோல் மின்கடத்தலை ஒரு வாரம் பதிவு செய்தது. தேர்வு, வீட்டுப்பாடம், ஆய்வகம் என்று வரும்போது கோடு துள்ளுகிறது, வகுப்பு நேரத்தில் தட்டையாகக் கிடக்கிறது. அதே வகைக் கைப்பட்டையை வைத்துச் செய்ய நினைக்கிறேன். இது போதுமா? இதயத்துடிப்பையும் சேர்க்க வேண்டுமா? வகுப்பு முடிந்ததும் 20 மதிப்பெண் தேர்வு ஒன்று வைக்கிறேன்.

தோலும்_நரம்பும் எழுதியது:

முதலில் அந்த வரைபடம். 2010-இல் மிங்-செர் போ, நிக்கலஸ் ஸ்வென்சன், ரோசலிண்ட் பிகார்ட் மூவரும் எழுதிய பொறியியல் கட்டுரையில் வந்தது. நாள்கணக்கில் அணிந்தாலும் கைப்பட்டைக் கருவி ஒழுங்காகப் பதிவு செய்கிறது என்று காட்டுவதுதான் கட்டுரையின் வேலை. கற்பித்தல் முறைகளை அது ஒப்பிடவில்லை. அதோடு, அது ஒரே ஒரு ஆளின் பதிவு. இன்னொன்றையும் பாருங்கள்: அதே வரைபடத்தில் பல இரவுகளில் உறக்கத்தின்போது கோடு நன்றாக உயர்ந்து நிற்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் தோல் மின்கடத்தல் இப்படி எகிறுவது நன்கு தெரிந்த விஷயம். கோட்டின் உயரம் மூளையின் உழைப்பைச் சொல்லவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

கருவி அளப்பது வியர்வைச் சுரப்பியை. பரிவு நரம்பு (உடலைத் தானாக உஷார்ப்படுத்தும் நரம்பு) தூண்டியதும் சுரப்பியின் குழாயில் உப்புநீர் ஏறுகிறது, தோலில் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. பயம், மகிழ்ச்சி, ஆழமாக இழுத்த ஒரு மூச்சு, ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எல்லாமே அதை உயர்த்தும். புத்தகத்தில் மூழ்கி அமைதியாகப் படிக்கிற பிள்ளைக்குக் கோடு தாழ்ந்தே இருக்கலாம். ஆகவே ஆய்வுத் தலைப்பில் 'கவனம்', 'மூளைச் செயல்பாடு' இரண்டையும் எடுத்துவிட்டு 'உடல் கிளர்ச்சி நிலை' (உடல் எவ்வளவு தூண்டப்பட்டிருக்கிறது என்பது) என்று எழுதுங்கள். அதற்கு மேல் இந்த அளவீட்டிலிருந்து கோர முடியாது.

உங்கள் வடிவமைப்பில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒரு பிரிவு கையால் எழுதுகிறது, இன்னொன்று சும்மா வாசிக்கிறது. எழுதும் அசைவே தோல் மின்கடத்தலையும் இதயத்துடிப்பையும் மாற்றும். வித்தியாசம் வந்தால் அது நினைவுகூர்ந்ததாலா, பேனா பிடித்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. வாசிக்கும் பிரிவையும் அதே நிமிடக் கணக்கில் பாடத்தைப் பார்த்து எழுத வையுங்கள். சென்சார் எழுதாத கையில் இருக்கட்டும்.

மணிக்கட்டைவிட விரல் நுனியில் வியர்வைச் சுரப்பி அடர்த்தி அதிகம். உணர்ச்சித் தூண்டலுக்குத் தெளிவான எதிர்வினையும் அங்கேதான் கிடைக்கும். முடிந்தால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நுனிக் கணுவிலும் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு எலக்ட்ரோடு ஒட்டுங்கள். ஜெல்லில் உப்பு சுமார் 0.5 சதவீதம் இருக்க வேண்டும். ஈசிஜி ஜெல்லில் உப்பு பல மடங்கு அதிகம். அதைப் போட்டால் அளவு பொய்யாக உயரும். கையை வெறும் தண்ணீரில் கழுவி உலரவிட்டால் போதும், ஸ்பிரிட் வேண்டாம். ஒட்டிய பிறகு குறைந்தது 10 நிமிடம் பொறுங்கள். அதற்குள் ஜெல் தோலில் ஊறி அளவு நிலைப்படும். பொதுவாக 2 முதல் 20 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்தலின் அலகு) வரை இருக்கும். ஒரு தூண்டலுக்கான எதிர்வினை 1 முதல் 3 நொடி தாமதித்துத்தான் கிளம்பும், 0.05 மைக்ரோசீமென்ஸாவது ஏறியதை மட்டும் எண்ணுவது பொதுவழக்கம்.

பத்தில் ஒருவருக்கு எதிர்வினையே தெரியாமல் போகலாம். அதைச் சோதிக்க, தொடக்கத்தில் எல்லோரையும் ஒரு முறை ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையாத கோட்டைப் பகுப்பாய்வில் தனியாக வையுங்கள்.

துடிப்பு_இடைவெளி எழுதியது:

இதயத்துடிப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். மனச்சுமை கூடினால் துடிப்பு சற்று ஏறும், துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தின் மாறுபாடு குறையும். ஆனால் ஒரு நிமிடப் பதிவை வைத்துக்கொண்டு முடிவு சொல்லாதீர்கள். 1996-இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வகுத்த நெறிமுறைப்படி குறுகிய பதிவுக்கு 5 நிமிடம்தான் அளவுகோல். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் அசையாமல் உட்கார்ந்த 5 நிமிடம் கிடைக்கும்படி பாடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சு கூடாது, பேசினால் மூச்சின் தாளம் மாறும், மூச்சு மாறினால் இந்த அளவு கூடவே மாறும்.

மணிக்கட்டு ஒளிச் சென்சார் கை அசைந்தால் துடிப்பைத் தவறவிடும். ஒரே ஒரு துடிப்பு தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 75 துடிப்பு, இடைவெளி 800 மில்லிநொடி, 5 நிமிடத்தில் 375 இடைவெளி. உண்மையான ஆர்எம்எஸ்எஸ்டி (அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசங்களை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்ட அளவு) 40 மில்லிநொடி என்று வையுங்கள். ஒரு துடிப்பு விடுபட்டால் 1600 என்று ஓர் இடைவெளி வரும். அதன் இருபுறமும் 800 வித்தியாசம். வர்க்கப்படுத்திக் கூட்டினால் சராசரியே தடம் புரண்டு, 40 இருந்த இடத்தில் சுமார் 71 வரும். 375-இல் ஒன்று தவறியதற்கே இந்தப் பிழை, நீங்கள் தேடும் மனச்சுமை வித்தியாசத்தை அப்படியே விழுங்கிவிடும். எனவே மார்புப் பட்டை பயன்படுத்துங்கள், துடிப்பு இடைவெளிகளைத் தனிக் கோப்பாகத் தரும் கருவியாக வாங்குங்கள், ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். 'மன அழுத்த மதிப்பெண்' என்று செயலி காட்டும் எண்ணை ஆய்வில் சேர்க்காதீர்கள். அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று வெளியில் தெரியாது.

கல்வியியல்_ஆய்வு:

மிக்க நன்றி. எழுத்து வேலையைச் சமப்படுத்துகிறேன். இரண்டு சந்தேகம். எங்கள் வகுப்பறையில் ஏசி கிடையாது, மின்விசிறிதான். விரல் எலக்ட்ரோடு 60 பேருக்கும் கட்ட முடியாது. பட்டை மட்டும்தான் கிடைத்தால் என்ன செய்வது?

தேர்வும்_மறதியும் எழுதியது:

கருவியைவிடத் தேர்வு வைக்கிற நேரம்தான் எனக்குக் கவலை தருகிறது. வகுப்பு முடிந்த கையோடு தேர்வு வைத்தால் உங்கள் முடிவு தலைகீழாக வரலாம். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம், நினைவிலிருந்து எழுதியவர்கள் 75 சதவீதம். 2 நாள் கழித்து 54-க்கு 68. ஒரு வாரம் கழித்து 42-க்கு 56. அதே கட்டுரையின் இன்னொரு சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். ஒரு வாரத் தேர்வில் அவர்கள்தான் பின்தங்கினார்கள். ஆகவே 7 நாள் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு தேர்வு கட்டாயம் வேண்டும். உடனடித் தேர்வையும் வைப்பீர்களானால் வேறு கேள்விகள் கேளுங்கள், அல்லது பாதி மாணவருக்கு மட்டும் வையுங்கள். உடனடித் தேர்வும் ஒரு நினைவுகூரல்தானே. வாசித்த பிரிவுக்கும் அந்தப் பலன் போய்விடும்.

அடுத்தது, ஒரு பிரிவுக்கு ஒரு முறை என்ற ஏற்பாடு. 60 மாணவர் என்று எண்ணினாலும், ஒப்பிடுவது இரண்டே வகுப்புகளை. ஆசிரியரின் அன்றைய மனநிலை, காலையா மதியமா, முந்தைய பாடவேளை விளையாட்டா என்பதெல்லாம் முறையோடு கலந்துவிடும். தோல் மின்கடத்தலின் அடிப்படை அளவு வேறு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். அதனால் குறுக்கே மாற்றுங்கள்: 'அ' பிரிவு முதல் பாடத்தைப் பார்த்து எழுதட்டும், இரண்டாம் பாடத்தை நினைவிலிருந்து எழுதட்டும். 'ஆ' பிரிவுக்கு நேர்மாறாக. அப்போது ஒவ்வொரு மாணவரையும் அவரோடே ஒப்பிடலாம். பாட வரிசையும் பாடத்தின் கடினமும் இரு முறைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும்.

'மூளை எவ்வளவு உழைத்தது' என்பதற்கு விலையில்லாத அளவுகோல் ஒன்று இருக்கிறது. கல்வி உளவியலாளர் ஃப்ரெட் பாஸ் 1992-இல் பயன்படுத்திய 9 படி மன உழைப்பு அளவுகோல். ஒரே கேள்வி, 1 என்றால் மிக மிகக் குறைந்த உழைப்பு, 9 என்றால் மிக மிக அதிகம். ஒவ்வொரு செயல் முடிந்ததும் உடனே நிரப்ப வேண்டும். பாடவேளை முடிவில் மொத்தமாகக் கேட்டால் பிள்ளைகள் கடினமாக இருந்த பகுதியை மட்டும் நினைத்து எழுதிவிடுவார்கள். தமிழாக்கி, பத்துப் பேரிடம் வாசிக்கக் கொடுத்து, ஒவ்வொரு படியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்ட பிறகு பயன்படுத்துங்கள்.

நெறிக்குழு அனுமதிக்கு முன் தலைமையாசிரியரிடம் தேதி வாங்க வேண்டாம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி பெற்றோரின் ஒப்புதலோடு, 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். நடுவில் பட்டையைக் கழற்றிவிட்டுப் போகலாம், மதிப்பெண்ணில் குறையாது என்பதை அந்தத் தாளிலேயே தமிழில் எழுதுங்கள். பட்டையின் தரவு வகுப்பாசிரியர் கைக்குப் போகக் கூடாது.

தோலும்_நரம்பும்:

60 பேருக்கும் விரல் எலக்ட்ரோடு முடியாது என்றால், பட்டைக்கு மாறாமல் எண்ணிக்கையைக் குறையுங்கள். பிரிவுக்கு 10 பேருக்கு விரல் எலக்ட்ரோடு, தேர்வும் 9 படிக் கேள்வியும் 60 பேருக்கும். சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் நல்ல பிள்ளைகளாகப் பார்த்துக் கொடுத்தால் பயனில்லை.

வெப்பம் உண்மையான சிக்கல். 22 முதல் 24 டிகிரி அறைதான் உகந்தது. 33, 34 டிகிரியில் உடலைக் குளிர்விக்கவே வியர்க்கும். அடிப்படை அளவு மேலேறி, சிறு எதிர்வினைகள் அதற்குள் மறையும். டிசம்பர், ஜனவரியில், காலை முதல் இரண்டு பாடவேளைக்குள் முடியுங்கள். மைதானத்திலிருந்து வந்த உடனே வேண்டாம். மின்விசிறியை ஒரே வேகத்தில் விட்டுவிட்டு, அறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் 10 நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வையுங்கள். விசிறிக்கு நேர் கீழே உட்காரும் பிள்ளையின் இடத்தையும் குறியுங்கள், அடுத்த பாடத்துக்கும் அதே இடம்.

கடிகாரத்தை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் தன் போக்கில் நகரும். பாடம் தொடங்கும்போதும் முடியும்போதும் கருவியில் உள்ள குறிப்புப் பொத்தானை எல்லோரும் ஒரே சைகைக்கு அழுத்த வேண்டும், அந்த நொடி வீடியோவிலும் தெரிய வேண்டும். எதிர்வினையே 1 முதல் 3 நொடி தாமதமாக வருகிறது. கடிகாரமும் 3 நொடி பிசகினால், புத்தகத்தை மூடச் சொன்னதற்கு வந்த எதிர்வினையை அடுத்த கேள்விக்கு வந்ததாக எழுதிவிடுவீர்கள்.